தகரம் தட்டாத காலை

கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை சமையல் அல்ல, தகரம் தட்டுவது. மாட்டுக்கொட்டகைக் கம்பில் அடி ஓட்டையான மண்ணெண்ணெய் டின் ஒன்று தொங்கும். பக்கத்தில் ஒரு விறகுக்கட்டை சாத்தி வைத்திருக்கும். மார்கழியும் தையும் முடிகிறவரை வீட்டில் யார் முதலில் எழுந்தாலும் அடுப்புப் பக்கம் போகக்கூடாது. கதவைத் திறந்து கீழே பள்ளத்து வயலைப் பார்க்க வேண்டும். வயல் வெளுத்திருந்தால் உறைபனி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே தகரத்தைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் வீட்டில் இருப்பவர்களும் அக்கம்பக்கத்தவர்களும் குடம், வாளி, பூவாளி என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓடைத் தண்ணீரை மொண்டு செடிகளின் மேல் ஊற்றிப் பனியைக் கழுவுவார்கள்.

"எதுக்குத்தே தட்டணும்? சூரியன் வந்தா தானா உருகிரப் போகுது" என்று என் மாமியாரிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்காத. வெளுத்துக் கெடந்தா தட்டு" என்றார். அவருக்கு அது விளக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சோறு ஏன் தின்கிறோம் என்று யாராவது கேட்பார்களா?

நான் மலையடிவாரத்து அய்யம்பாளையத்துக்காரி. வாழையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் காலை வெயில் என்றால் மருந்து. சளி பிடித்த பிள்ளையை வெயிலில் உட்கார வைப்போம். வெங்காயத் தாளில் ஈரம் தங்கினால் அழுகும், வெயில் வந்து காய்ந்துவிட்டால் பிழைத்தது. மழைக்காலத்தில் என் அப்பா வானத்தைப் பார்த்து, "செத்த வெயில் அடிச்சா எல்லாம் சரியாயிரும்" என்பார். எந்தக் கெடுதலையும் வெயில் வந்து தீர்த்துவிடும் என்பது என் ரத்தத்தில் ஊறியிருந்தது. மலையில் அது நேர்மாறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உறைந்த இலையைக் குளிர் கொல்வதில்லை. அதன்மேல் படும் முதல் வெயில்தான் கொல்கிறது. அதற்கு முன்னால் பனியைக் கழுவிவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும்.

எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான முதல் தை மாதம். வீட்டில் மாமனார், மாமியார், என் கணவர், அவருடைய தங்கை, நான். எனக்கும் நாத்தனாருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. அவள் கொடைக்கானலில் சிஸ்டர்மார் நடத்திய ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள். மதுரையில் நர்ஸ் டிரெய்னிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சொன்னால் குறைவு. கன்றுக்குட்டியின் காலில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டுப்போட்டுப் பழகுவாள். "மதினி, கையக் குடுங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் கடிகாரத்தை முறைத்துப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணுவாள். நடுவில் நான் பேசினால் அடித்துவிடுவாள். எண்ணி முடித்ததும், "பொழச்சுக்கிருவீங்க" என்று தீர்ப்புச் சொல்வாள்.

அவளை அனுப்ப மாமனாருக்கும் சம்மதம்தான். ஆனால் அவர் எதையும் வயலோடு முடிச்சுப் போட்டுத்தான் பேசுவார். "பள்ளத்துக் கிழங்கு வெளையட்டும், கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்" என்று சொல்லியிருந்தார். அந்த வருஷம் பள்ளத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தது நாங்கள் மட்டும்தான். மற்றவர்கள் பனிக்குப் பயந்து மேட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நாத்தனார் தினமும் சாயங்காலம் வரப்பில் நடந்து செடிகளைப் பார்த்துவிட்டு வருவாள். அவளுடைய மதுரை அந்த வயலில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு முந்தின நாள் முழுக்க மேட்டு வயலில் எல்லோரும் குனிந்த முதுகு நிமிராமல் பூண்டு நட்டிருந்தோம். அதனால் வெள்ளனே எழுந்தது நான் ஒருத்திதான். கதவைத் திறந்தேன். வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கீழே பள்ளம் முழுவதும் வெள்ளை.

அதற்கு முன் நான் பனி விழுந்து பார்த்ததே இல்லை. ஒவ்வொரு இலைக்கும் ஓரம் கட்டியிருந்தது. வரப்புப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றது. சிலந்தி வலை ஒன்று வேலிக் கம்புகளுக்கு நடுவில் வெள்ளை நூலாகத் தடித்துத் தொங்கியது. சத்தமே இல்லை, ஓடைகூட மெதுவாகத்தான் கேட்டது. எனக்கு மூச்சு விடப் பயமாக இருந்தது. கட்டையைக் கையில் எடுத்துவிட்டேன், அது நன்றாக நினைவிருக்கிறது. எடுத்த கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

தட்ட வேண்டும் என்று தெரியும். மறக்கவில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. தட்டினால் எல்லோரும் எழுந்து குடத்தோடு ஓடி வருவார்கள், வரப்பை மிதிப்பார்கள், தண்ணீரைக் கொட்டுவார்கள், இது போய்விடும். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பாவம், முதுகு ஒடிய வேலை செய்தவர்கள், இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமே என்றும் நினைத்தேன். அது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. அவர்கள் தூக்கத்தைப் பற்றி எனக்கு அப்போது ஒரு கவலையும் இல்லை. கிழக்கே மலை விளிம்பு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வெயில் வந்து விழுந்தால் இது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். வெயில்தான் வரப்போகிறதே, எல்லாம் சரியாகிவிடும் என்று என் அப்பாவின் குரல்வேறு உள்ளே துணைக்கு இருந்தது.

வெயில் வந்தது. முதலில் ஒரு மூலையில் பட்டு, அங்கிருந்து வயல் முழுக்கப் பரவியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பார்த்ததை எழுத எனக்கு வராது. பச்சை, நீலம், சிவப்பு என்று ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு பொறி. வாய்விட்டுச் சிரித்தேன்.

பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாத்தனார் வந்து நின்றாள். அவள் வயலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். அதைப் பிடுங்கித் தகரத்தை அடிக்க ஆரம்பித்தாள். தகரம் நசுங்கும்வரை அடித்தாள்.

எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். ஊற்றிய தண்ணீருக்குக் கணக்கில்லை. மதியம் வயலில் இருந்து வெந்த கீரை வாசம் அடித்தது. இலைகள் எல்லாம் கருத்துத் தொங்கின. மாமனார் ஒரு செடியைப் பிடுங்கினார். அடியில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள். அவற்றைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

சாயங்காலம் மாமியார்தான் பேச்சை எடுத்தார். "கீழ ஊர்ல வளந்த பிள்ளை, அதுக்கு என்ன தெரியும். நம்மதான் வெவரமாச் சொல்லிருக்கணும்" என்றார். அவர் நல்ல மனுஷி. அந்த நல்ல வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தட்டணும்னு தெரியும்த்தே. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றேன்.

"எதை?"

"பனியை. அழகா இருந்துச்சு."

மாமியாருக்குப் புரியவில்லை. பயத்தில் உளறுகிறது என்று நினைத்து, என் தலையைத் தடவி, போய்ப் படு என்றார். என் கணவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் பீடி பற்றவைக்க வெளியே போனார். மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள்தான் என் சிரிப்பைப் பார்த்தவள் ஆயிற்றே.

அந்த வருஷம் அவள் மதுரைக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மாமனார். அடுத்த வருஷத்துக்குள் வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். அவள் ஒன்றும் பாழாகிவிடவில்லை. குடும்பம், பிள்ளைகள் எல்லாம் உண்டு. "கிழங்கு வெளைஞ்சிருந்தாலும் எங்கய்யா அனுப்பிருக்க மாட்டாரு, விடு" என்று என் கணவர் பலதடவை சொல்லியிருக்கிறார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரிந்தபிறகு அந்த ஆறுதல் எதற்கு உதவும்? மாமனார் சொன்ன சொல் தவறாதவர். மதுரைக்குக் கொண்டுபோகத் தகரப்பெட்டிக்குப் பெயிண்ட்கூட அடித்து வைத்திருந்தார்.

நான் யோசித்து யோசித்துப் பார்த்த ஒரு விஷயம் உண்டு. தூங்கிப்போயிருந்தால் அது பிழை. தெரியாமல் இருந்திருந்தால் அதுவும் பிழை. பிழையை மன்னிக்கலாம், நானே என்னை மன்னித்திருப்பேன். நான் கெட்ட காரியம் ஏதும் செய்வதற்காகத் தட்டாமல் இருக்கவில்லை. அழகான ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் நிற்பதுபோல அவ்வளவு அடக்கமாகத்தான் நின்றேன். அப்படி நின்றதுதான் ஒருத்தியின் படிப்பைத் தின்றது. அழகானது என்றால் நல்லதாகவும் இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அய்யம்பாளையத்தில் கண்ணுக்கு அழகாக இருந்ததெல்லாம், தாரோடு சாய்ந்த வாழையும் மடி நிறைந்த பசுவும், வீட்டுக்கு நல்லதாகவும் இருந்தது. அதை வைத்து நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

சரி, அழகு வேறு நன்மை வேறு, அந்தப் பனி பொல்லாதது என்று முடித்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியவில்லை. பனி பொல்லாதது என்று சொல்ல வாய் வரும், அது அசிங்கமாக இருந்தது என்று சொல்ல வராது. அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது அந்த வெளிச்சம்தான். அதற்குப் பிறகுதான் நாத்தனார் முகம் வரும். இந்த வரிசை மாற வேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன், மாறவில்லை. என் குற்ற உணர்ச்சியில் பாதி அதனால்தான்.

அதன்பிறகு கூக்காலில் என்னைப்போல் தகரம் தட்டியவர்கள் கிடையாது. கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். நிலா வெளிச்சத்தைப் பார்த்துத் தட்டி ஊரையே எழுப்பிய நாளும் உண்டு. "மதினி, எங்க வீட்டு வெள்ளை வேட்டியைப் பாத்துத் தட்டிட்டீங்களா?" என்று கொழுந்தன் முறைக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் கதவைத் திறப்பதற்கும் கட்டையை ஓங்குவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அந்த ஒரு மூச்சு நேரம் நான் பார்ப்பேன். பார்க்கக்கூடாது என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கட்டையைத் தேடிய நாளில்கூட ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் ஜீப் பிடித்துக்கொண்டு டூரிஸ்ட்டுகள் எங்கள் ஊர் ஏரியைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். ஒருதடவை கல்லூரி வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்து, எங்கள் வீட்டில் டீ குடித்தார். காலையில் கொடைக்கானல் ஏரிக்கரையில் பனி பார்த்தார்களாம், அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "எதையும் எதிர்பார்க்காம, இதனால எனக்கு என்ன லாபம்னு நினைக்காம பாக்கணும்மா. அப்பத்தான் அழகு தெரியும்" என்றார்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "வயல் அடுத்தவங்களோடதா இருந்தா அப்படிப் பாக்கலாங்க சார்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏதோ யோசித்தார். ஜீப் கிளம்பிப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. சொந்த வயலையே நான் அடுத்தவர் வயல்போலத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன இலக்கணத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

எண்பதுகள் முடிகிற சமயம் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். மாமனார் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். பொங்கல் கழித்து நாத்தனார் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மலையேறி வந்தாள். படுக்கைப்புண் வராமல் அம்மாவை எப்படிப் புரட்டுவது, விரிப்பை ஆள் படுத்திருக்கும்போதே எப்படி மாற்றுவது என்று அவள் செய்ததைப் பார்த்தேன். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் அதுவரை முரட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் அந்தக் கைகள் மெதுவாகச் செய்தன. மாமியார் வலியில்லாமல் தூங்கினார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்க்குள் எண்ணியபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று நிறைகுடம் இருக்கும்போதே இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஊதாங்குழலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன். அன்னைக்குப் பாத்துக்கிட்டு நின்னீங்கள்ல, எப்படி இருந்துச்சு?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

"நான் இங்கதான் பொறந்தேன். ஒருநாளும் அதை நின்னு பாத்ததில்ல. வெளுத்துக் கெடந்தா கொடத்தைத் தூக்கிட்டு ஓடத்தான் தெரியும். அன்னைக்கும் ஒங்க முகத்தைத்தான் பாத்தேன். ஒரு கிறுக்கி மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. அப்படி என்னதான் இருந்துச்சு அதுல?"

பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னால், அவளுடைய படிப்பு ஒன்றுமில்லாத ஒன்றுக்காகப் போனதாகிவிடும். அழகாக இருந்தது என்று சொன்னால், உன் வாழ்க்கையைக் கொடுத்து நான் வேடிக்கை பார்த்தேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். எந்தப் பக்கம் பொய் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அழகா இருந்துச்சு" என்றேன். "அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அதுமாதிரி ஒண்ணை நான் பாக்கல."

அவள் அடுப்பை ஊதினாள். நெருப்பு பிடித்ததும் குழலைக் கீழே வைத்தாள்.

"இருந்தாலும் அது போதாது மதினி" என்றாள். குழம்பில் உப்புப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"தெரியும்" என்றேன்.

மறுநாள் காலை யாரோ என் தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் நாத்தனார். "எந்திரிங்க. விழுந்துருக்கு" என்று காதோரம் சொன்னாள். அந்த வருஷம் பள்ளத்தில் மறுபடியும் கிழங்கு போட்டிருந்தோம். அவசரமாகத் தகரத்தைத் தேடிப் போனேன். கட்டை ஏற்கனவே அவள் கையில் இருந்தது.

"செத்த நில்லுங்க" என்றாள்.

நின்றோம். வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. பள்ளம் வெளுத்துக் கிடந்தது. நான் வயலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாக மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். எதையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோலப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிராலா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டுத் தகரத்தை அடிக்கத் தொடங்கினாள். கிழக்கு அப்போது மஞ்சளாகக்கூட ஆகவில்லை. இவ்வளவுதான், இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று முடித்துவிட்ட கை அது.

வயலில் இறங்கினோம். என் கணவரும் பக்கத்து வீட்டார்களும் மேல் பாத்திகளுக்குப் போனார்கள், நாங்கள் இருவரும் ஓடையோரப் பாத்திகளை எடுத்துக்கொண்டோம். அவள் ஒரு பாத்தி, நான் ஒரு பாத்தி. பூவாளியைச் சாய்த்ததும் வெள்ளை கரைந்து இலை வெறும் ஈர இலையாக ஆகிவிடும். ஒவ்வொரு செடியாக அதை நானே அழித்துக்கொண்டு போனேன். விரல்கள் மரத்துவிட்டன. கடைசியில் வரப்போரம் ஒரு செடி. மற்றவற்றைவிடச் சிறியது. அதன் ஓரம் முழுக்க நுணுக்கமாகப் பனி கட்டியிருந்தது. அதற்கு ஊற்றாமல் நிமிர்ந்துவிட்டேன். வேண்டுமென்று விட்டேனா, கை ஓய்ந்துவிட்டதா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஒரு செடிதானே என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது மட்டும் நிச்சயம்.

நாத்தனார் அவள் பாத்தியை முடித்துவிட்டுக் குடத்தோடு வந்தாள். அந்தச் செடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அன்றைக்குக் கட்டையைப் பிடுங்குவதற்கு முன்னால் பார்த்த அதே பார்வை. இந்த முறை எதையும் பிடுங்கவில்லை. குடத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள்.

"ஊத்துங்க மதினி. வெயில் வந்துருச்சு."

வாங்கி ஊற்றினேன்.